ஒற்றை நிறைவெண் உண்டா?

6ஐ மீதியின்றி வகுக்கும் எண்களுள், 6ஐத் தவிர்ந்தவை 1, 2, 3. இவற்றைக் கூட்டினால் மீண்டும் 6 வருகிறது. 28ஐ எடுத்துக்கொண்டால் 1, 2, 4, 7, 14 ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் 28தான். இத்தகைய எண்களை நிறைவெண்கள் என்பர். அடுத்து வருபவை 496, 8128. இதுவரை அறியப்பட்ட நிறைவெண்கள் யாவும் இரட்டை எண்களே. ஒற்றை எண்களுள் ஒன்றேனும் நிறைவெண்ணாக இருக்குமா? இவ்வினாவுக்கு இற்றைவரை விடையில்லை.

இரட்டை நிறைவெண்களின் அமைப்பு நன்கு தெரியும். 1, 2, 4, 8 என இரட்டித்துக் கூட்டிவரும்போது கூட்டுத்தொகை முதன்மை எண்ணாக அமைந்தால், அதனை இறுதியாகக் கூட்டிய எண்ணால் பெருக்குக; நிறைவெண் கிடைக்கும் என்றார் யூக்கிளிட். 1+2+4=7; 7×4=28. இரட்டை நிறைவெண்கள் யாவும் இவ்வமைப்பிலேயே வரும் என நிறுவ முதலில் முயன்றவர், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். முழுமையான நிறுவலைப் 18ஆம் நூற்றாண்டில் ஒயிலர் தந்தார்.

இனி ஒற்றை எண்களைப் பார்ப்போம். 15க்கு 1+3+5=9; குறைகிறது. சிறிய ஒற்றை எண்கள் எல்லாமே இவ்வாறு குறைகின்றன. ஆனால் 945இன் காரணிகளை, அதனைத் தவிர்த்துக் கூட்டினால் 975 வருகிறது! குறைவதும் உண்டு, மிஞ்சுவதும் உண்டு எனில், சரியாக நிற்பது ஏன் இருக்கக்கூடாது?

ஒரு சிறு நிறுவலை நாமே செய்து பார்க்கலாம். எண்ணையும் சேர்த்துக் கூட்டினால், நிறைவெண்ணின் காரணிக் கூட்டுத்தொகை அவ்வெண்ணின் சரியாக 2 மடங்காகும். 3இன் அடுக்குகளுக்கு இந்த மடங்கு 1+1/3+1/9+… என வளர்ந்தாலும் 3/2ஐ எட்டாது. 5இன் அடுக்குகளுக்கு 5/4ஐ எட்டாது. முதன்மை எண் பெரிதாக ஆக இவ்வெல்லை சிறுக்கும். வெவ்வேறு முதன்மைக் காரணிகள் சேரும்போது மடங்குகள் பெருகும். ஆகவே இரண்டே ஒற்றை முதன்மைக் காரணிகள் கொண்ட எண்ணின் மடங்கு 3/2×5/4=15/8ஐ விடக் குறைவு. அது 2ஐ எட்டாது! எனவே ஒற்றை நிறைவெண் இருந்தால், அதற்குக் குறைந்தது மூன்று வெவ்வேறு முதன்மைக் காரணிகள் வேண்டும். கோடிக்கணக்கான எண்களை ஒவ்வொன்றாகச் சோதிக்காமலே அவை அனைத்தையும் விலக்கிவிட்டோம்.

1638இல் டேக்கார்ட் 198585576189 என்ற எண்ணைக் காட்டினார். இது 3, 7, 11, 13 ஆகியவற்றின் வர்க்கங்களையும் 22021ஐயும் பெருக்கி வருவது. 22021 முதன்மை எண்ணாக இருந்திருந்தால் இது ஒற்றை நிறைவெண்ணாகியிருக்கும். ஆனால் 22021=19×19×61. மயிரிழையில் தப்பிய எண் இது.

ஒற்றை நிறைவெண் இருந்தால் அது 1க்குப் பின் 1500 பூச்சியங்கள் கொண்ட எண்ணைவிடப் பெரிதாகவே இருக்கும் என 2012இல் ஒஷெமும் ராவோவும் நிறுவினர். குறைந்தது பத்து வெவ்வேறு முதன்மைக் காரணிகள் வேண்டும் என நீல்சன் காட்டினார். ஆயினும் எண்களுக்கு முடிவில்லை. எந்த எல்லைக்கு அப்பாலும் எண்கள் உண்டு. "காணவில்லை" என்பது "இல்லை" என்பதாகாது. நிறுவல் ஒன்றே இதனைத் தீர்க்கும்.

மாணவியரே, 3, 5, 7 ஆகிய மூன்றையும் கொண்டு மேற்காட்டிய பெருக்கலைச் செய்து பாருங்கள். 3, 5, 7 ஐ மட்டுமே முதன்மைக் காரணிகளாகக் கொண்ட 945 ஏன் மிஞ்சியது என்பது விளங்கும்.