குறைக்கும்போதே திரும்பும் வழியையும் கணக்கிடு



விமான நிறுவனத்தின் திட்டமிடல் பிரிவில் சேர்ந்திருக்கும் உன்னிடம், அடுத்த மந்தநிலையின்போது மேலிடம் முதலில் கேட்கப்போவது "எத்தனை விமானத்தை நிறுத்தலாம்?" என்றுதான். நிறுத்தியதைத் திரும்பப் பறக்கவைக்க எத்தனை மாதம் ஆகும், யார் வேண்டும் என்பதையும் கணக்கிட்ட பிறகே அதற்குப் பதில் சொல். குறைப்பின் உண்மையான செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

2008 ஜூனில் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம், தன்னிடம் இருந்த 94 போயிங் 737 விமானங்களையும் ஆறு 747 விமானங்களையும் விலக்கப்போவதாக அறிவித்தது. எரிபொருள் விலைதான் காரணம். ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. டிசம்பரிலோ 40 டாலருக்கும் கீழே இறங்கியது. சொன்ன காரணம் ஆறு மாதத்தில் இல்லாமல் போயிற்று. ஆனாலும் முடிவு தவறாகவில்லை. அதற்குள் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து, பயணிகள் கூட்டமும் குறைந்துவிட்டது. அதோடு 737 ரகத்தையே முழுதாக விலக்கியதால், அதற்கென்று இருந்த சிமுலேட்டர், உதிரிபாகம், மெக்கானிக் பயிற்சி எல்லாச் செலவும் சேர்ந்தே போயின. இருபதில் பத்தை மட்டும் நிறுத்தினால் இவற்றில் பெரும்பகுதி அப்படியே தங்கிவிடும். ஆகவே ரகத்தோடு விலக்குவதில் நியாயம் உண்டு. அந்த ரகம் செய்த வேலையைச் செய்ய வேறொன்று கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கொரோனா பரவிய 2020 ஏப்ரலில் உலக விமானப் பயணம் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 94 சதவீதம் சரிந்தது. லுஃப்தான்சாவின் 14 ஏ380 விமானங்களும் தரையிறங்கின. அவை திரும்புவதற்கான வாய்ப்பு அரிது என்றே பேசப்பட்டது. ஆனால் எஞ்சின் வாய்களை மூடி, சக்கரங்களை அவ்வப்போது உருட்டி, ஸ்பெயினின் தெருவேல் போன்ற வறண்ட இடங்களில் பாதுகாத்து வைத்ததால், புதிய விமானங்கள் வரத் தாமதமானபோது விற்காமல் எஞ்சியிருந்தவற்றை 2023 முதல் மீண்டும் பறக்கவிட முடிந்தது.

விமானிகளை அப்படி மூடி வைக்க முடியாது. டெல்டா நிறுவனத்தில் 2020இல் சுமார் 1,800 விமானிகள் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். யாரையும் கட்டாயமாக அனுப்பாத, மனிதாபிமானமுள்ள ஏற்பாடு அது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெரிய விமானத்தின் மூத்த கேப்டன் ஒருவர் விலகினால், அந்த இடத்துக்குச் சின்ன விமானத்தின் கேப்டன் வருவார். அவர் இடத்துக்கு ஒரு துணை விமானி. அவர் இடத்துக்குப் புதியவர். ஒரே ஓய்வுக்கு மூன்று நான்கு பேர் வாரக்கணக்கில் சிமுலேட்டரில் உட்கார வேண்டும். சிமுலேட்டரோ எண்ணிக்கையில் கொஞ்சம். பயணிகள் திரும்பிவந்த 2022 கோடையில் டெல்டா நாளொன்றுக்குச் சுமார் 100 புறப்பாடுகளைத் தானே குறைத்துக்கொண்டதற்கு, பல காரணங்களுக்கிடையே ஆள் நெருக்கடியும் ஒன்று.

"கஜானா காலியாகிக்கொண்டிருக்கும்போது திரும்பி வருவதைப் பற்றி என்ன பேச்சு?" என்பார்கள். நியாயமான கேள்விதான், பணம் தீர்ந்த நிறுவனத்துக்கு மீட்சி என்றே ஒன்று கிடையாது. ஆனால் பணக்கணக்கே என் பக்கம் பேசுகிறது. குத்தகைக்கு எடுத்த புது விமானம் நின்றாலும் மாத வாடகை நிற்காது. கடன் தீர்ந்த பழைய விமானம் எரிபொருளை அதிகம் குடிக்கும், ஆனால் நிறுத்தினால் செலவு சொற்பம். அதனால் நிறுத்துவதென்றால் பழையதை முதலில் நிறுத்து. உடைத்து விற்பதை மட்டும் தள்ளிப்போடு. "ரயனேர் 2002 ஜனவரியில், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஊரே பயந்திருந்தபோது, 100 போயிங் 737-800 வாங்கவில்லையா?" என்றும் கேட்பார்கள். வாங்கியது, கையில் பணமும் குறைந்த செலவும் இருந்ததால் முடிந்தது. அந்த இரண்டும் இல்லாத நிறுவனத்துக்கு அதை முன்மாதிரியாகக் காட்டாதே.

முதலில் விமானங்களின் தினசரிப் பறப்பு நேரத்தைக் குறைத்துப் பார். பிறகு குத்தகை முடியும் தேதிகளை எடுத்து வை. ஆட்குறைப்பைக் கடைசியில் வை. அப்போதும், போகிறவர்கள் எந்த ரகத்துக்குப் பயிற்சி பெற்றவர்கள், அவர்கள் இடத்தை நிரப்ப எத்தனை சிமுலேட்டர் மணி தேவை என்ற கணக்கை மேலிடத்துக்குப் போகும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுது.