முதலில் சலைன், அப்புறம்தான் சீரம்

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவியபோது புதுச்சேரி அரசு அங்கே பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. அப்படிப்பட்ட நேரத்தில், கல்ச்சர் தட்டில் வளர்ந்திருப்பது எந்தக் கிருமி என்று சில நிமிடங்களில் துப்புக் கொடுப்பது ஸ்லைடு திரட்சிச் சோதனை. புதுச்சேரியில் எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) படிப்பவர்கள் வேலையில் சேர்வதற்குள் கை பழக்கிக்கொள்ள வேண்டிய முறை இது.

சாதாரண நியூட்ரியன்ட் அகாரில் ஓர் இரவு வளர்ந்த கலோனியை எடுங்கள். மெக்கான்கி தட்டிலிருந்து நேரே எடுத்தால் முடிவு சொதப்பலாம். கையுறை போட்டு, உயிர்க்காப்பு கேபினட்டில் வேலை செய்யுங்கள்.

சுத்தமான ஸ்லைடில் 0.85% சலைன் ஒரு சொட்டு வையுங்கள். கலோனியில் துளி எடுத்து, சீரான பால்நிறம் வரும்வரை லூப்பால் குழைத்து, மெதுவாகச் சாய்த்தாட்டுங்கள். ஆன்டிசீரம் (குறிப்பிட்ட ஆன்டிபாடி உள்ள சீரம்) சேர்க்கும் முன்பே திரிந்த பால்போலப் பிரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கிருமியின் வெளிச்சவ்வில் நீண்டிருக்கும் ‘ஓ’ சர்க்கரைச் சங்கிலி நீரை விரும்புவது. செல்கள் தள்ளித் தள்ளி நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதை இழந்த ‘ரஃப்’ வகை தானாகவே திரளும், அதற்கு எந்த சீரமும் தேவையில்லை. மறுபடி வளர்த்து, வழவழப்பான கலோனியைத் தேடி எடுங்கள். அவசரத்தில் பலர் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான்.

சலைனில் கலங்கலாகவே நின்றால் ஆன்டிசீரம் ஒரு சொட்டு சேர்த்து ஒரு நிமிடம் ஆட்டுங்கள். கறுப்புப் பின்னணியில், விளக்கொளியில் பாருங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், சொட்டின் ஓரம் காய்ந்து வரும் மணிமணியான கோடு திரட்சி அல்ல. ‘ஓ’ திரட்சி பொடியாக, இறுக்கமாக இருக்கும். கசையிழையால் வரும் ‘ஹெச்’ திரட்சி பெரிது, தளர்வானது, ஆட்டினால் எளிதில் கலையும்.

டைஃபாய்டு கிருமியில் ஒரு சிக்கல் உண்டு. பயோகெமிக்கல் சோதனைகள் டைஃபி என்கின்றன, ஆனால் ‘ஓ’ சீரத்தில் திரளவில்லை என்றால் ‘விஐ’ சீரத்தைப் போட்டுப் பாருங்கள். விஐ என்பது வெளியே போர்த்திய சர்க்கரை உறை. உள்ளே இருக்கும் ‘ஓ’வை ஆன்டிபாடி தொட அது விடாது. விஐ சீரத்தில் திரண்டால், கிருமிக் கலவையைக் கொதிநீரில் 10 முதல் 15 நிமிடம் வைத்து (கிட்டின் தாளில் வேறு நேரம் இருந்தால் அதுவே கணக்கு), ஆறவிட்டு, ‘ஓ9’ சீரத்தோடு மறுபடி பாருங்கள். உறை கழன்றதும் திரளும்.

காலராவுக்கு முதலில் ‘ஓ1’ சீரம். திரண்டால் ஒகாவா, இனாபா என்று வகை பிரியுங்கள். திரளாவிட்டால் ‘காலரா இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். 1992 இறுதியில் சென்னையில் தலைகாட்டி வங்கம் வரை பரவிய காலராக் கிருமி ‘ஓ1’ சீரத்துக்கு அசையவே இல்லை. மேற்பரப்புச் சர்க்கரையே மாறியிருந்தது. இன்று அதன் பெயர் ‘ஓ139’, தனி சீரம் கிடைக்கிறது.

இந்தச் சோதனையைத் திருப்பிப் போட்டதுதான் 1896-ல் பிரெஞ்சு மருத்துவர் விடால் கொடுத்த டெஸ்ட்: கிருமி தெரிந்தது, நோயாளியின் சீரம் தெரியாதது. பழைய தொற்றோ தடுப்பூசியோ கூட அதில் பாசிட்டிவ் காட்டும் என்பதால், ஒற்றை விடாலை மட்டும் நம்பி டைஃபாய்டு என்று முடிவு கட்ட முடியாது. கடைசியாக, சோதனை முடிந்த ஸ்லைடைக் கழுவி வைக்காதீர்கள், நேரே ஹைப்போகுளோரைட்டில் போடுங்கள்.