ஆராய்ச்சிக் கட்டுரையும் ஆசிரியப் பதவியும்

தென்னேரியிலிருந்து உத்தரமேரூர் செல்வோர், ஆங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்களைக் காண்பர். கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரிய அவற்றைக் குடவோலைத் தேர்தல் பற்றியே யாவரும் போற்றுவர். நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது அவற்றுட் கூறிய கல்வித் தகுதியேயாகும். வாரியத்திற்குப் பெயர் எழுதப்பெறுவோன் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாதல் வேண்டும். அரைக்கால் நிலமே உடையவனாயினும், ஒரு வேதமும் நான்கு பாஷியங்களுள் ஒன்றும் பிறர்க்கு விரித்துரைக்க வல்லவனாயின் அவனும் ஏற்கப்படுவான். கற்றமைக்குச் சான்று கற்பித்தலே என அச்சபையார் கருதினர் போலும்.

இக்காலத்துச் சர்வகலாசாலைகள் வேண்டும் சான்று வேறு. அமெரிக்காவில் ஆசிரியர் ஒருவர் சில ஆண்டுகள் தகுதிகாண் பருவத்தில் இருந்து, பின்னர் நிலையான பதவி பெறுவர், அன்றேல் வெளியேறுவர். பெரிய ஆராய்ச்சிக் கழகங்களில் அத்தீர்ப்பு பெரும்பாலும் அச்சேறிய ஆராய்ச்சியையே பற்றி நிற்கும். நம் நாட்டிலோ நிலைபெறுதல் எளிது, உயர்தலே அரிது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள், நேரடி நியமனம் நாடும் இணைப் பேராசிரியர்க்கு 7 கட்டுரைகளும் 75 ஆராய்ச்சி மதிப்பெண்ணும், பேராசிரியர்க்கு 10 கட்டுரைகளும் 120 மதிப்பெண்ணும் வகுத்தன. அறிவியற் கட்டுரைக்கு மதிப்பெண் 8. மொழித்துறைக் கட்டுரைக்கு 10. இருவர் கூடி எழுதின் ஒவ்வொருவர்க்கும் நூற்றுக்கு எழுபது பங்காம். இக்கணக்கை நம் கணித ஆசிரியர் எங்ஙனம் விளக்குவரோ, அறியோம்!

எண்ணிக்கைக்கு மதிப்பு வந்தவுடன் சந்தையும் கூடிற்று. பணம் பெற்று எதனையும் அச்சிடும் பத்திரிகைகள் பெருகின. 2018 மே மாதத்தில் அக்குழு 4,305 பத்திரிகைகளைத் தன் பட்டியலினின்று நீக்க நேர்ந்தது. அதன்பின் வகுத்த புதுப் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது.

ஆயினும் அச்சேறிய எழுத்தை இகழ்தல் தகாது. கும்பகோணத்தில் வளர்ந்த இராமாநுஜன் எப்.ஏ. தேறாதவர். 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில், பெர்னூலி எண்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. 1913-இல் சென்னைச் சர்வகலாசாலை திங்கள்தோறும் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. அதற்குத் துணைநின்ற வாக்கரும் ஹார்டியும் அவர் எழுதியவற்றைத் தாமே பார்த்து மதித்தவர்கள்.

ஆதலின் நியமனக் குழுவினர்க்கு நாம் கூறுவது ஒன்றுண்டு. நீண்ட பட்டியலை ஒதுக்கி, விண்ணப்பித்தவர் தாமே தேர்ந்தளிக்கும் இரண்டு கட்டுரைகளைப் படித்துப் பார்க்கலாம். அவர் ஒரு மணி நேரம் பாடம் சொல்லக் கேட்கலாம். அங்ஙனமாயின், பின்தங்கிய மாணவரை மாலையில் இருத்திக் கற்பித்து, அதனாலேயே குறைவாக எழுதிய ஆசிரியரின் பெயரும் ஒருகால் அக்குடத்தில் இடப்படும்.