விஞ்ஞானக் காட்சிச்சாலைகளும் இளம் ஊழியர்களும்

விஞ்ஞானக் காட்சிச்சாலை என்றவுடன் கண்ணாடிப் பேழைகளும், சுழலும் சக்கரங்களும், பாடம் செய்த பறவைகளுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. அவற்றின் அருகே நின்று விளக்கம் கூறும் இளைஞரை யாரும் நினைப்பதில்லை. ஆயினும், காண வந்த மாணவன் ஒரு கருவியின் தத்துவத்தை உணர்ந்து செல்கிறானா, வெறும் வேடிக்கை பார்த்துவிட்டுச் செல்கிறானா என்பது பெரும்பாலும் அவ்விளைஞரையே பொறுத்தது. அத்தகையவர்களை இப்பணிக்கு ஈர்ப்பது எப்படி, ஊக்குவிப்பது எப்படி, வந்தவர்களை நிலைத்திருக்கச் செய்வது எப்படி என்பவை, காட்சிச்சாலை அதிகாரிகள் மட்டுமன்றி ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் ஆராயத் தக்க வினாக்களாகும். திருவனந்தபுரத்தின் பழைய வரலாற்றில் இவற்றிற்குச் சில விடைகள் கிடைக்கின்றன.

அகத்தியமலையில் ஒரு நிலையம்

திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். 1852-இல் அதன் தலைவராக வந்த ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காத்லாந்து அறிஞரே, பின்னர் அந்நகரில் காட்சிச்சாலை தோன்றுவதற்கும் காரணராக இருந்தார். ஆங்கில அரசின் பிரதிநிதியான ஜெனரல் கல்லன் சேகரித்து வைத்திருந்த கனிப்பொருள்களை அடிப்படையாகக் கொண்டு 1855-இல் அமைக்கப்பட்ட அக்காட்சிச்சாலை, 1857-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதைக் காண எதிர்பார்த்த அளவு மக்கள் வரவில்லை. ஆகவே 1859-இல் விலங்குத் தோட்டமும் பூங்காவும் சேர்க்கப்பட்டன. இன்று நாம் காணும் நேப்பியர் காட்சிச்சாலைக் கட்டடம் 1880-இல் கட்டி முடிக்கப்பட்டது.

மக்களை ஈர்க்கும் வழி இவ்வாறு விரைவில் கண்டறியப்பட்டது. ஊழியர் விஷயம் அவ்வளவு எளிதன்று. பிரௌனின் வானாராய்ச்சி நிலையத்தில் பணி செய்தவர்கள் அவர் பழக்கிய உள்ளூர் உதவியாளர்கள். காந்த ஊசி எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மணி தவறாமல் நோக்கி ஏட்டில் குறிப்பதே அவர்களுடைய வேலை. இதைவிடச் சலிப்பூட்டும் பணியைக் கற்பனை செய்வது கடினம். 1855-இல் பிரௌன், கடல் மட்டத்திற்கு 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், அகத்தியமலை உச்சியிலும் ஒரு நிலையத்தை அமைத்தார். குளிரும் பெருங்காற்றும் காட்டு விலங்குகளும் நிறைந்த இடம் அது. எனினும் அவ்வேலைக்கு ஒரு பொருள் இருந்தது. மலையிலும் சமவெளியிலும் ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளை ஒப்பிட்டால்தான் முடிவு கிடைக்கும். ஒருவர் தவறினால் மற்றவர் உழைப்பும் வீணாகும். இத்தகைய அளவுகளைக் கொண்டே, பூமியின் காந்த விசையில் நாளுக்கு நாள் ஏற்படும் மாறுதல்கள் உலகெங்கும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன என்பதைப் பிரௌன் எடுத்துக் காட்டினார்.

பிரௌன் 1865-இல் திருவனந்தபுரத்தை விட்டுச் சென்றார். 1874-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட தொகுதியின் முகப்பில் 1852 முதல் 1869 வரையிலான கணக்கு என்று அச்சிடப்பட்டுள்ளது. தலைவர் கடல் கடந்து சென்ற பின்னும் நான்கு ஆண்டுகள் அளவுகள் தொடர்ந்து எடுக்கப்பட்டன என்பது இதனால் விளங்கும். நல்ல தலைவர் ஒருவரைப் பற்றி இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

சலீம் அலி விட்டுச் சென்ற வேலை

பறவையியல் அறிஞர் சலீம் அலியின் வாழ்க்கையில் நாம் மேலே கூறிய மூன்று வினாக்களும் அடுத்தடுத்து எழுகின்றன. சிறுவனாக இருந்தபோது, தாம் விளையாட்டுத் துப்பாக்கியால் வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு, அது என்ன பறவை என அறிய விரும்பி, அதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு எடுத்துச் சென்றார். கழகத்தின் செயலாளர் மில்லார்டு, சிறுவன்தானே என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை. குருவியின் இனத்தைக் கூறினார். பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். ஈர்ப்பது என்பது இதுதான். சிறிது நேரமும் பொறுமையும் தவிர இதற்கு வேறு செலவில்லை.

1926-இல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் காட்சிச்சாலையின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் சலீம் அலி வழிகாட்டி விரிவுரையாளராக நியமிக்கப்பட்டார். சம்பளம் மாதம் 350 ரூபாய். அக்காலத்தில் அது நல்ல சம்பளமே. ஆயினும் இரண்டே ஆண்டுகளில் அவ்வேலை அவருக்குச் சலித்துவிட்டது. 1928-இல் விடுப்புப் பெற்று ஜெர்மனி சென்று, பெர்லின் விலங்கியல் காட்சிச்சாலையில் எர்வின் ஸ்ட்ரேசமன் என்னும் அறிஞரிடம் பயிற்சி பெற்றார். 1930-இல் திரும்பி வந்தபோது, பணமில்லை என்ற காரணத்தால் அவருடைய பதவியே நீக்கப்பட்டிருந்தது. பயிற்சி பெற்று வந்தவருக்கு உட்கார நாற்காலி இல்லை!

அதே 1926-இல் பெர்லின் காட்சிச்சாலையும் ஓர் இளைஞரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவர் பெயர் எர்ன்ஸ்ட் மையர், வயது 21. மூன்று ஆண்டுகளுக்கு முன், மருத்துவக் கல்வியைத் தொடங்கவிருந்த அவர், தம் பகுதியில் பல்லாண்டுகளாகக் காணப்படாத வாத்து இனம் ஒன்றைத் தாம் கண்டதாகக் கூறினார். பிறர் நம்பவில்லை. ஸ்ட்ரேசமன் அவரை நுணுக்கமாக விசாரித்து, அவர் கூறியது உண்மையே எனத் தெளிந்தார். விடுமுறை நாட்களில் காட்சிச்சாலைக்கு வந்து பறவைகளை இனம் காணும்படி அழைத்தார். படிப்பை முடித்தால் வெப்ப நாடுகளுக்கு ஆராய்ச்சிப் பயணம் அனுப்புவதாகவும் வாக்களித்தார். 1928-இல் மையர் நியூகினித் தீவுக்குப் புறப்பட்டார். பின்னர் அவர் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த உயிரியல் அறிஞர்களுள் ஒருவரானார். பெர்லினும் அவரை நெடுங்காலம் வைத்துக்கொள்ளவில்லை என்பது உண்மையே. 1931-இல் அவர் அமெரிக்கா சென்றுவிட்டார். ஆனால் அவர் வெளியேறியது சலிப்பினால் அன்று.

பம்பாய் கைவிட்டவரைத் திருவாங்கூர் பயன்படுத்திக்கொண்டது. 1933-இல் திருவாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை ஆராயும் பணி சலீம் அலிக்குக் கிடைத்தது. அவர் திரட்டிய செய்திகள் 1953-இல் தனி நூலாக வெளிவந்தன. பறவை வளம் மிக்கது என்று அவர் சுட்டிக்காட்டிய தட்டேக்காடு, 1983-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இன்றைய நிலை

கேரள மாநில விஞ்ஞான தொழில்நுட்பக் காட்சிச்சாலை 1984-இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்டது. பிரியதர்சினி கோளரங்கம் 1994-இல் அதனுடன் சேர்ந்தது. இத்தகைய இடங்களில் ஓர் இளம் விளக்கவுரையாளரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். பள்ளிக் குழந்தைகள் அணி அணியாக வருகின்றனர். அதே ஊசல், அதே சொற்கள், அதே கேலிச் சிரிப்பு. மாலையில் தொண்டை கட்டிவிடுகிறது. பதவியோ பல இடங்களில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய ஒப்பந்தம். இந்நிலையில் பௌதிகம் படித்த பட்டதாரி, வங்கித் தேர்வுக்கு விண்ணப்பம் போடுவதில் வியப்பு என்ன?

ஊதியம் முக்கியமன்று என்று சொல்வோர் பெரும்பாலும் நல்ல ஊதியம் பெறுபவர்களே. நிலையான பதவியும் படிப்படியான உயர்வும் முதலில் வேண்டும். ஆனால் அவை மட்டும் போதா என்பதைச் சலீம் அலியின் 350 ரூபாய் காட்டுகிறது. ஒவ்வோர் இளம் ஊழியருக்கும், விளக்கவுரைக்கு அப்பால், தமக்கென ஒரு பிரச்சினை இருத்தல் வேண்டும். சென்னை அரசாங்கக் காட்சிச்சாலையில் 1930-இல் இரசாயனச் சோதனைக்கூடம் தொடங்கப்பட்டபோது, எஸ். பரமசிவன் என்ற இரசாயன அறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது அத்தகைய பிரச்சினையே: பழைய செப்புத் திருமேனிகளை அரித்து வந்த களிம்பை மின்பகுப்பு முறையால் போக்குவது. பேழைகளைத் துடைத்து வைப்பதற்கும் இதற்கும் எவ்வளவு வேறுபாடு!

சிறிய காட்சிச்சாலையிலும் இது இயலும். வாரத்தில் இரண்டு அரை நாட்கள் விளக்கவுரையிலிருந்து விடுவித்தால் போதும். மாணவர் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு காட்சியை ஓர் ஊழியர் திருத்தி அமைக்கலாம். ஒருவர் பட்டறையில் புதுக் கருவி செய்யலாம். மற்றொருவர் சேமிப்பு அறையில் பெயரிடப்படாமல் கிடக்கும் பூச்சிகளை வகைப்படுத்தலாம். முடிந்த வேலையின் விவரச்சீட்டில் அவர் பெயரைப் பொறிப்பதற்கு யாருடைய அநுமதியும் தேவைப்படலாகாது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் நிறுவிய எக்ஸ்புளோரட்டோரியம், உயர்நிலைப் பள்ளி மாணவர்களையே ஊதியம் கொடுத்து விளக்குநர்களாக அமர்த்தியது. விடை தெரியாவிட்டால், பார்வையாளருடன் சேர்ந்து அவர்களும் சோதித்து அறியலாம். மனப்பாடம் செய்த உரையை ஒப்பிக்கும் சுமை அவர்களுக்கு இல்லை.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்யத்தக்கது

வகுப்பை அழைத்துச் செல்லுமுன் ஆசிரியர் காட்சிச்சாலைக்கு எழுதி, மாணவர்கள் கேட்க விரும்பும் நான்கு வினாக்களை அனுப்பலாம். விளக்கவுரையாளர் அன்று புதிதாக ஒன்றைத் தேடிப் படிக்க நேரும். வகுப்பில் மிகுதியாகக் கேள்வி கேட்கும் ஓரிரு மாணவர்களை விடுமுறையில் மீண்டும் அனுப்பி, சேமிப்பு அறையையும் பட்டறையையும் காட்டுமாறு வேண்டலாம். வருங்கால ஊழியர் அவர்களுள் இருக்கக்கூடும்.

களப்பணியாளர் தம் சுற்றுப்பயணத்தில் அறியாத ஒரு கல்லையோ, பயிரில் கண்ட புழுவையோ, பழைய உழவுக் கருவியையோ எடுக்க நேர்ந்தால், எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிக் கட்டிக் காட்சிச்சாலைக்கு அனுப்புக. உறையின் மேல் தலைவருடைய பதவிப் பெயரை எழுதினாலும், உள்ளே வைக்கும் கடிதத்தில், அப்பொருளை ஆராயும் இளம் ஊழியரே தம் கையொப்பத்துடன் பதில் எழுதுமாறு கேட்டுக்கொள்க. பதில் வந்ததும் அடுத்த பொருளை அவர் பெயருக்கே அனுப்பலாம்.