கோபத்துக்குக் குளிசை உண்டா?

கடந்த வருடம் இரண்டாம் தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரம். மஃரிப் தொழுதுவிட்டு இரசாயனவியல் கணக்குகளோடு உட்கார்ந்திருந்தேன். ஏழு வயதுத் தங்கச்சி என் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அதில் பெரிய பூனை ஒன்றை வரைந்து வைத்திருந்தாள். அவ்வளவுதான். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை, கன்னத்தில் அறைந்துவிட்டேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டு அடி பின்னால் போனாள். அந்தப் பார்வைதான் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை.

உம்மா என்னை ஏசவில்லை. "மகள், ஒங்களுக்கு இப்ப எல்லாத்துக்கும் கோவம் வருது" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாட்களின் பின் ஒரு போத்தல் மீனெண்ணெய்க் குளிசையும் ஒரு போத்தல் விற்றமின் குளிசையும் மேசைக்கு வந்தன. சாச்சி ஒருவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தியில், இவை இரண்டும் பிள்ளைகளின் கோபத்தைக் குறைத்து மனதை அமைதியாக்கும் என்று இருந்ததாம்.

நான் அந்தப் போத்தல்களை உயிரியல் ஆசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "விழுங்குவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்?" என்றார். அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

உணவுக்கும் மனநிலைக்கும் என்ன தொடர்பு?

எமது மூளை உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. நரம்புக் கலங்களின் மென்சவ்வுகளில் டி.எச்.ஏ. எனப்படும் ஒமேகா-3 கொழுப்பமிலம் நிறைந்துள்ளது. இதனை உடல் மிகச் சிறிதளவே தானாகத் தயாரிக்கிறது. பெரும்பகுதி உணவிலிருந்து, முக்கியமாக மீனிலிருந்து வரவேண்டும்.

மனநிலையோடும் தன்னடக்கத்தோடும் தொடர்புள்ள இரசாயனம் செரோடோனின். புரத உணவிலுள்ள ட்ரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து அது இரண்டு படிகளில் உண்டாகிறது. முதலாவது படியைச் செய்யும் நொதியத்துக்கு இரும்பு தேவை. இரண்டாவது படிக்கு விற்றமின் பி6 தேவை. ஆகவே இந்தப் போசணைகள் குறைந்தால் மூளையின் வேலை பாதிக்கப்படலாம் என்று எண்ணுவதற்கு நியாயமான காரணம் உண்டு. அத்துடன் அவசர எண்ணங்களுக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி, இருபது வயதைக் கடந்தும் சில வருடங்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். எம் வயதில் அந்தக் கடிவாளம் இன்னும் முழுமையாக இறுகவில்லை.

ஆனால் காரணம் இருப்பது வேறு, பலன் கிடைப்பது வேறு. அதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

சிறைச்சாலையில் ஒரு பரிசோதனை

இந்த விடயத்தில் அதிகம் பேசப்படும் ஆய்வு இங்கிலாந்தின் எய்ல்ஸ்பரி நகரிலுள்ள இளம் குற்றவாளிகள் சிறைச்சாலையில் நடந்தது. பேர்னார்ட் கெஷ் என்பவரும் அவரது குழுவினரும் 2002இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். தாமாக முன்வந்த 231 இளைஞர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு விற்றமின், கனியுப்பு, கொழுப்பமிலம் அடங்கிய குளிசைகள். மற்றக் குழுவுக்கு அதே தோற்றமுடைய, சத்து எதுவுமில்லாத போலிக் குளிசைகள். யாருக்கு எது கிடைக்கிறது என்பது கைதிகளுக்கும் தெரியாது, கொடுப்பவர்களுக்கும் தெரியாது. போலிக் குளிசை எடுத்தவர்களோடு ஒப்பிடுகையில், சத்துக் குளிசை எடுத்தவர்கள் 26.3 சதவீதம் குறைவான ஒழுங்குமீறல்களையே செய்திருந்தனர்.

போலிக் குளிசை எதற்கு என்று நான் முதலில் யோசித்தேன். குளிசை எடுக்கிறோம் என்ற நம்பிக்கையே மனிதரைச் சற்று மாற்றிவிடும். கவனிப்பவரும் "இப்போது நல்லாயிருக்கிறான்" என்று நினைத்துக்கொண்டே பார்ப்பார். அந்த நம்பிக்கையின் பங்கைக் கழித்தால்தான் சத்தின் பங்கு எவ்வளவு என்பது தெரியும்.

இதே போன்ற ஆய்வு நெதர்லாந்தில் 221 இளம் கைதிகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியானது. அங்கும் சத்துக் குளிசை எடுத்தவர்களிடையே பதிவான சம்பவங்கள் குறைந்தன. ஆனால் கைதிகளும் காவலர்களும் நிரப்பிய வினாக்கொத்துகளில், கோபத்திலோ முரட்டுத்தனத்திலோ இரு குழுக்களுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பதிவேடு ஒன்றைச் சொல்ல, வினாக்கொத்து இன்னொன்றைச் சொன்னது.

மாணவர்களும் சிறுவர்களும்

நாங்கள் கைதிகள் இல்லையே என்று கேட்பீர்கள். ஜப்பானில் 1996இல் வெளியான ஓர் ஆய்வு எம்மைப் போன்ற பரீட்சைக்காரர்களைப் பற்றியது. 41 பல்கலைக்கழக மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு டி.எச்.ஏ. நிறைந்த மீனெண்ணெயும் மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தாவர எண்ணெய் அடங்கிய குளிசையும் மூன்று மாதங்கள் கொடுக்கப்பட்டன. பரீட்சைக் காலம் வந்தபோது, தாவர எண்ணெய் எடுத்தவர்களிடம் பிறர் மீதான சினம் கூடியது. மீனெண்ணெய் எடுத்தவர்களிடம் கூடவில்லை. குறைந்தது என்று அல்ல, கூடவில்லை என்பதையே அந்த ஆய்வு சொல்கிறது. 41 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் மறக்கக் கூடாது.

எம்மைப் போலவே இந்து சமுத்திரத் தீவான மொரீசியஸில், 8 முதல் 16 வயது வரையான 200 பிள்ளைகளுக்கு ஆறு மாதங்கள் பழபானம் கொடுத்தார்கள். பாதிப் பேரின் பானத்தில் தினமும் ஒரு கிராம் ஒமேகா-3 இருந்தது, மற்றவர்களுடையதில் இல்லை. 2015இல் வெளியான இந்த ஆய்வில், ஆறாம் மாத முடிவில் இரு பகுதிப் பெற்றோரும் பிள்ளைகளின் நடத்தை நன்றாகிவிட்டதாகவே சொன்னார்கள்! பானம் நிறுத்தப்பட்டு மேலும் ஆறு மாதங்கள் சென்றபின், ஒமேகா-3 கிடைக்காத பிள்ளைகள் பழைய நிலைக்குத் திரும்பினர். கிடைத்தவர்களிடம் முன்னேற்றம் தொடர்ந்தது. போலிக் குழு இல்லாமல் ஆறு மாதத்தோடு ஆய்வை முடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லா முடிவுகளும் இப்படி நல்லவையல்ல. ஐரோப்பாவின் நான்கு நாடுகளில், உடற்பருமன் கூடிய, லேசான மனச்சோர்வு அறிகுறிகள் உள்ள 1025 பெரியவர்களிடம் ஒரு வருடம் நடந்த பெரிய ஆய்வு 2019இல் வெளியானது. ஒமேகா-3, விற்றமின் டி, போலிக் அமிலம், செலீனியம் ஆகியவை கொடுக்கப்பட்டன. அவை மனச்சோர்வு நோய் வராமல் தடுக்கவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு விளங்குவது இதுதான்: போசணை நிரப்பிகள் சிலரின் முரட்டுத்தனத்தையும் அவசரத்தையும் ஓரளவு குறைக்கக்கூடும். ஆனால் கோபத்தை அணைக்கும் குளிசை என்று எதுவும் இல்லை. எது குறைகிறதோ அதை நிரப்புவதில்தான் அர்த்தமிருக்கிறது. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றினால் தண்ணீர் வெளியேதான் போகும்.

சிலவேளை அது வெளியே போகாமல் உள்ளே தங்கித் தீங்கும் செய்யும். விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் ஈரலைப் பாதிக்கும். பி6 நீண்ட காலம் மிகையாக எடுத்தால் நரம்புகளைப் பாதிக்கும். இரும்புக் குளிசைகளைச் சிறுபிள்ளைகள் இனிப்பென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தலசீமியா உள்ளவரும் வெளிறித்தான் இருப்பார். ஆனால் அவருக்குப் பரிசோதனையின்றி இரும்பு கொடுப்பது தவறு. எமக்கு இன்னொரு கவனமும் வேண்டும். மீனெண்ணெய்க் குளிசைகளின் உறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. அது எந்த விலங்கிலிருந்து வந்தது என்பதையும் ஹலால் சான்றையும் பார்த்தே வாங்க வேண்டும்.

என் வீட்டுப் பரிசோதனை

உம்மா வாங்கிய போத்தல்களைத் திறக்காமல் முதலில் வைத்தியரிடம் போனோம். அவர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஈமோகுளோபின் 9.4. என் வயதுப் பெண்ணுக்கு 12 ஆவது இருக்க வேண்டும். உடலில் இரும்புச் சேமிப்பும் குறைந்திருந்தது. இரும்பு குறைந்தால் களைப்பு, கவனக்குறைவு, எரிச்சல் எல்லாம் வரும் என்றார். "காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. வெறும் தேநீருடன் வகுப்புக்கு ஓடுவதையும், பகல் சோற்றுக்குப் பின் உடனே இன்னொரு கோப்பை குடிப்பதையும் உம்மாதான் சொன்னார். தேநீர் உணவிலுள்ள இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். தேசிக்காய், கொய்யா போன்றவற்றின் விற்றமின் சி அதைக் கூட்டும். பாடசாலையில் வாரந்தோறும் தந்த இரும்புக் குளிசையை வயிற்றைப் பிரட்டுகிறது என்று புத்தகப் பையில் போட்டுவைத்த குற்றமும் என்னுடையதே.

மூன்று மாதங்கள் வைத்தியர் தந்த இரும்புக் குளிசையை எடுத்தேன். காலையில் கௌபி, பயறு, முருங்கை இலைச் சுண்டல் என்று ஏதாவது சாப்பிட்டேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாளையோ சூடையோ கறியானது. விலை குறைந்த அந்தச் சின்ன மீன்களில்தான் ஒமேகா-3 தாராளமாக இருக்கிறது. இரவு பதினொரு மணிக்குத் தூங்கினேன்.

என் கோபம் குறைந்தது. ஆனால் குளிசையால் குறைந்தது என்று சொல்ல என்னால் முடியாது. ஆசிரியையின் இரண்டாவது கேள்வி இங்கே என்னைப் பிடித்துக்கொள்கிறது: எதனோடு ஒப்பிட்டாய்? இரும்பா, காலைச் சாப்பாடா, தூக்கமா, பரீட்சை முடிந்ததா? என் வீட்டில் போலிக் குளிசை எடுத்த இன்னொரு நான் இல்லையே. அதனால்தான் ஒருவருக்குச் சுகமானது என்ற வட்ஸ்அப் கதையை ஆதாரமாக எடுக்கக் கூடாது. என் கதையும் அப்படித்தான்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை திடீரென்று சிடுசிடுத்தால் அதைக் கெட்ட குணம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். சாப்பாட்டையும் தூக்கத்தையும் கேளுங்கள். தேவையானால் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். கவலை நீடித்தால் வைத்தியரிடம் மனம்விட்டுப் பேச இடம் கொடுங்கள்.

தோழிகளுக்கும் ஒன்று. உணவு மனதைத் தொடும் என்பது எமக்குப் புதிதல்ல. துயருற்றவரின் உள்ளத்துக்கு தல்பீனா என்ற வாற்கோதுமைக் கஞ்சி ஆறுதல் தரும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அதே நபியவர்கள்தான், கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அதிலும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்றும் கற்றுத் தந்தார்கள். உடலுக்குத் தரவேண்டியதைத் தருவதும் எம் கடமை, கையை அடக்குவதும் எம் கடமை. இரும்புச்சத்துக் குறைவு என் எரிச்சலுக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் கையை ஓங்கியது நான்தான்.

அதனால் அறிக்கை வந்த அன்றே தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு இரத்தம் குறைவாம் என்றும் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப என்ட மீன் துண்டையும் நீங்க தின்னுங்க தாத்தா" என்றாள். அந்தப் பூனைப் படம் இன்னும் என் இரசாயனவியல் புத்தகத்தில் இருக்கிறது. நான் அதைக் கிழிக்கவில்லை.