தருக்கச் சுற்றுக் குடும்பங்கள்: மாற்று ஐ.சி. பொருத்துமுன் அறிய வேண்டியவை

பழுதுற்ற எண்ணும் கருவியொன்றில் 74 எல்.எஸ். 00 என்னும் ஐ.சி. கெட்டுவிட்டது எனக் கொள்வோம். கடையில் கிடைப்பதோ 74 எச்.சி. 00. கால்கள் பதினான்கும் ஒத்துள்ளன. உள்ளே இருப்பவையும் அதே நான்கு நேண்ட் வாயில்களே. பொருத்தியவுடன் கருவி இயங்கவும் கூடும். ஆயினும் களத்திற்குச் சென்றபின் அவ்வப்போது எண்ணிக்கை தவறும். இதன் காரணம் யாது?

தருக்கச் சுற்றில் 0, 1 என்பவை, ஒரு குடும்பத்து ஐ.சி.கள் தமக்குள் கொண்டுள்ள மின்னழுத்த உடன்பாடேயாகும். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 1960-களில் வெளியிட்ட 7400 வரிசையால் பரவிய டி.டி.எல். குடும்பம் 5 வோல்ட்டில் இயங்குவது. அதன் உள்ளீடு 0.8 வோல்ட் வரை 0 என்றும், 2 வோல்ட்டும் அதற்கு மேலும் 1 என்றும் கொள்ளும். எல்.எஸ். என்பது இக்குடும்பத்தின் சிக்கனக் கிளை. 1 நிலையில் அதன் வெளியீடு 2.7 வோல்ட்டுக்குக் குறையாது என்பது உற்பத்தியாளர் தரும் உறுதி.

எச்.சி. வரிசையோ சி-மாஸ் குடும்பத்தது. 5 வோல்ட் மின்வழங்கலில் அதற்கு 1 எனக் காட்டச் சுமார் 3.5 வோல்ட் வேண்டும். 2.7 எங்கே, 3.5 எங்கே! அவ்வாறாயின் மேசைமேல் அது எவ்வாறு இயங்கிற்று? எல்.எஸ். வெளியீடு பெரும்பாலும் தன் உறுதியை விஞ்சி 3.4 வோல்ட் அளவில் நிற்கும், எச்.சி. உள்ளீடும் பெரும்பாலும் மின்வழங்கலின் பாதியளவிலேயே நிலை மாறிவிடும். இது தயவேயன்றி உரிமையன்று. அருகே ரிலே ஒன்று இயங்கி இரைச்சல் எழுந்தால் தயவு தீர்ந்துவிடும். டி.டி.எல். அளவுகளை ஏற்குமாறு அமைந்த 74 எச்.சி.டி. வரிசையை இவ்விடத்தில் பொருத்துதலே முறை. அது கிடையாதபோது, எல்.எஸ். வெளியீட்டிலிருந்து 5 வோல்ட்டுக்குச் சில கிலோ ஓம் தடையொன்றை இணைக்கலாம்.

மின்சக்திச் செலவில் நிலைமை வேறு. எல்.எஸ். வாயில் ஒன்று வாளாவிருக்கும்போதே ஏறத்தாழ 2 மில்லிவாட் செலவிடும். ஓய்விலுள்ள சி-மாஸ் வாயிலின் செலவு இல்லையென்றே சொல்லத்தக்கது. ஆனால் அச்செலவு அதிர்வெண்ணோடும், மின்வழங்கல் அழுத்தத்தின் வர்க்கத்தோடும் உயரும். பாட்டரியில் இயங்கும் மெதுவான கருவிகளுக்கு 3 முதல் 15 வோல்ட் வரை ஏற்கும் 4000 வரிசை சி-மாஸ் மிகப் பொருத்தம். ஆனால் எல்.எஸ். சுமார் 10 நானோ செகண்டில் முடிப்பதை, 5 வோல்ட்டில் அது முடிக்க 100 நானோ செகண்டுக்கு மேலும் ஆகலாம். வலுவும் குறைவு: எல்.எஸ். உள்ளீடு ஒன்றை அரிதின் இயக்கும், 1.6 மில்லி ஆம்பியர் கேட்கும் பழைய 7400 உள்ளீட்டை இயக்காது.

வேகத்தில் முன்னின்ற இ.சி.எல். குடும்பம் மின்சக்தியை மிகுதியாக உண்பது. களப்பணியில் அரிதாகவே எதிர்ப்படும்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. டி.டி.எல். உள்ளீட்டை இணைக்காமல் விட்டால் அது பொதுவாக 1 எனவே நடந்துகொள்ளும். மாணவர் அவ்வழக்கத்திலேயே பழகிவிடுவர். சி-மாஸில் அவ்வாறு விட்ட உள்ளீடு எந்நிலையிலும் நில்லாது, கையை அருகில் கொண்டுசென்றாலே வெளியீடு மாறக்கூடும், ஐ.சி. வீணே மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறவும் கூடும். பயன்படுத்தாத வாயில்களின் உள்ளீடுகளையும் தரையோடோ மின்வழங்கலோடோ இணைத்துவிட வேண்டும். அவற்றின் வெளியீடுகளை மட்டும் தனியே விட்டுவிடலாம்.