சமையல் குறிப்புச் சீட்டும் துணைச் சரக்கும்

சேமியா பாக்கெட்டின் பின்பக்கத்தில் பாயசம் செய்யும் முறை அச்சிட்டிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதுபோல நம் கடையின் பெயரிலேயே சமையல் குறிப்புச் சீட்டு எழுதிச் சரக்குடன் கொடுப்பதும் வணிகர்களுக்குப் புதிதல்ல. இந்தப் பாடம் அந்தச் சீட்டின் அடியில் எழுத வேண்டிய மூன்று வரிகளைப் பற்றியது. ஒரு குறிப்பைப் படித்தவர் அடுத்து எந்தக் குறிப்பைப் பார்க்கலாம், அதற்கு என்ன சரக்கு வேண்டும் என்று வழிகாட்டும் வரிகள் அவை.

முன்பு இந்த வேலையைக் கடைக்காரரின் வாய் செய்தது. "பருப்பு வாங்கிட்டீங்க, புளி இருக்காம்மா?" என்று கேட்டாலே போதும். 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளரே சரக்கை எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். அந்த முறை இன்று நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் அலமாரியும் சீட்டும்தான் பேச வேண்டும்.

ஒரு சரக்கு இன்னொன்றை அழைத்து வரும் என்பதற்கு நம் மலையிலேயே சான்று உண்டு. 1905இல் முத்துசாமி முதலியார் தொடங்கிய நீல்கிரீஸ் நிறுவனம் பால், வெண்ணெயில் ஆரம்பித்தது. வெண்ணெய் வாங்குபவருக்கு ரொட்டியும் வேண்டும் அல்லவா? ரொட்டி, கேக், சாக்லேட் என்று விரிந்து, பின்னாளில் அது பேரங்காடியாகவே வளர்ந்தது.

மூன்று வரிகள்

முதல் வரி, உடன் வேண்டியது. இது இல்லாமல் அந்தச் சமையல் நிறைவு பெறாது. சாம்பார் சீட்டில் புளியும் சாம்பார்ப் பொடியும் இந்த வரியில் வரும்.

இரண்டாம் வரி, மாற்று. துவரம்பருப்பு விலை ஏறிய மாதத்தில் 'பாசிப்பருப்பு சாம்பார் சீட்டையும் கேளுங்கள்' என்று எழுதலாம். வாடிக்கையாளர் வெறும் பையுடன் திரும்பமாட்டார்.

மூன்றாம் வரி, அடுத்தது. பருப்பு வேகவைத்த தண்ணீரில் ரசம் வைக்கலாம் என்றால் மிளகும் சீரகமும் நினைவுக்கு வரும். நம் குளிருக்கு மிளகு ரசத்தை வேண்டாம் என்பவர் யார்?

மூன்றுக்கு மேல் எழுத வேண்டாம். பத்து வரி எழுதினால் ஒன்றையும் படிக்கமாட்டார்கள்.

மலைக்கு ஏற்ற குறிப்பு

சமவெளியில் எழுதிய குறிப்பை அப்படியே நாம் எடுத்தாளக் கூடாது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே தண்ணீர் 100 டிகிரி வரை போவதில்லை. சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆகும். புதிதாக மாற்றலாகி வந்த குடும்பம் இதை அறியாமல், "பழைய பருப்பைக் கொடுத்துவிட்டார்கள்" என்று நம்மீது குறை சொல்லும். பருப்புச் சீட்டின் அடியில் 'ஊறவைக்கவும்; குக்கரில் வேகவைக்கவும்; கேஸ்கட் நம்மிடம் கிடைக்கும்' என்று எழுதினால் கேஸ்கட்டும் விற்கும், கடையின் பெயரும் நிலைக்கும்.

இட்லி மாவும் இப்படித்தான். பனி விழும் மாதங்களில் மாவு எளிதில் புளிக்காது. இட்லிச் சீட்டில் 'மாவு புளிக்காத நாளில் அடை, ரவா தோசை' என்று வழிகாட்டினால் கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், ரவை எல்லாம் நகரும்.

தேயிலையிலும் கவனம் தேவை. பால் விட்டுக் கொதிக்கவைக்க சி.டி.சி. தூள் ஏற்றது. ஆர்த்தடாக்ஸ் இலையை வெந்நீரில் ஊறவைத்துப் பால் இல்லாமல் குடித்தால்தான் அதன் மணம் தெரியும். வெளியூர்க்காரர் இதை அறியாமல் வாங்கிப் போய் 'சாறு இறங்கவில்லை' என்பார். எனவே ஒரு தேயிலைச் சீட்டு மற்றொன்றைக் காட்ட வேண்டும். இரண்டின் அடியிலும் வர்க்கியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தொடர்பைக் கண்டறிவது எப்படி?

ஊகத்தில் எழுத வேண்டாம். பில் புத்தகத்தைப் பாருங்கள். உதாரணமாக 50 பில்களை எடுத்துக்கொள்வோம். அவற்றில் 40இல் சர்க்கரை இருக்கிறது. சேமியா உள்ள பில்கள் 10; அவற்றில் 8இல் சர்க்கரை உண்டு. சேமியாவுக்கும் சர்க்கரைக்கும் தனித் தொடர்பு என்று எண்ணிவிடக் கூடாது. எல்லாப் பில்களிலும் பத்துக்கு எட்டு, சேமியா பில்களிலும் பத்துக்கு எட்டுதான். முந்திரிப்பருப்பு மொத்தம் 10 பில்களில்தான் இருக்கிறது, அதாவது ஐந்தில் ஒன்று. ஆனால் சேமியா பில்கள் பத்தில் ஆறில் அது இருந்தால், அதுவே உண்மையான தொடர்பு. சீட்டில் எழுத வேண்டியது முந்திரியை. சர்க்கரையை அவர்களே நினைவாகக் கேட்டு வாங்குவார்கள்.

செய்யக் கூடாதவை

தேங்கிப்போன சரக்கைத் தள்ளிவிட இந்த வரிகளைப் பயன்படுத்தக் கூடாது. பாயசச் சீட்டில் விற்காத ஊறுகாயை எழுதினால், அடுத்த முறை நம் சீட்டை ஒருவரும் படிக்கமாட்டார்கள். தொடர்பு வாடிக்கையாளரின் அடுப்பில் இருக்க வேண்டும், நம் கிடங்கில் அல்ல.

சீட்டில் பெயர் இருந்து அலமாரியில் சரக்கு இல்லாமல் போகவும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் லாரி ஏறாது. சீட்டில் குறித்த சரக்கையாவது மழைக்கு முன்பே கொள்முதல் செய்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரியை அடித்துவிடுங்கள். மாதம் ஒருமுறை சீட்டுகளைச் சரிபார்ப்பது கணக்கு முடிப்பதைப் போன்ற கடமை.

செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ளதால் காகிதப் பையில்தான் சரக்குக் கட்டுகிறோம். அந்தப் பையின் வெளிப்புறத்திலேயே குறிப்பை அச்சடித்துவிடலாம்.

வாடிக்கையாளர் பாதிச் சரக்கை நம்மிடம் வாங்கி, மீதியை மேட்டுப்பாளையம், கோவை போகும்போது வாங்கிக்கொள்வதுதான் மலைக்கடைகளுக்கு உள்ள பெரிய நட்டம். அந்த மீதியும் நம் கடையில் இருக்கிறது என்று சொல்லத்தான் இந்த மூன்று வரிகள். முதலில் ஐந்து சீட்டுகள் எழுதிப் பாருங்கள். மூன்று மாதம் கழித்துப் பில் புத்தகத்தை மீண்டும் எண்ணிப் பாருங்கள். எந்த வரி பயன் தந்தது என்று அதுவே சொல்லிவிடும்.